பெட்டகம் நம் வீட்டில். திறவுகோல் யார் கையில்?

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே பெட்டகம் என்றொன்று இருந்தது. கனத்த மரத்தாற் செய்து, நாலு பேர் சேர்ந்தாலன்றி நகர்த்தவியலாத பெட்டி அது. காணி உறுதிகள், சாதகக் குறிப்புகள், கூறைச் சேலை, ஆபரணம் ஆகிய யாவும் அதனுள்ளே கிடக்கும். திறவுகோல் வீட்டுத் தலைவியின் முந்தானையில் முடிந்திருக்கும். செய்த தச்சனுக்குக் கூலி கொடுபட்டு அவன் படலையைக் கடந்த பின்னர், அப்பெட்டகத்துக்கும் அவனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இக்காலத்து வீடுகள் சிலவற்றிலே வேறொரு பெட்டகம் குடிபுகுந்துள்ளது. ‘நாஸ்’ என்று இளைஞர் சுருக்கமாகக் கூறும் வலைப்பெட்டகமே அது. இதனைச் செய்த தச்சன் மட்டும் முற்றாக வெளியேறவில்லை. அவனிடம் மாற்றுத் திறவுகோல் ஒன்று உண்டு. இரவிலே வருவான், கீல்களைத் திருத்துவான், பூட்டை மாற்றுவான், சிலவேளை, இனி வேண்டாமென்று தனக்குப் பட்ட தட்டொன்றைக் கழற்றிக்கொண்டும் போவான். அவனுடைய அவ்வருகைக்குத்தான் மென்பொருள் இற்றைப்படுத்தல் என்று பெயர். ‘அப்டேட்’ என்றாற் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும். அவ்வருகை வேண்டுமா, வேண்டுமாயின் யாருடைய அனுமதியோடு, அவன் வந்து போனபின் பெட்டகம் திறவாவிட்டால் வீட்டார் செய்வது யாது என்பவற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

வலைப்பெட்டகம் யாதெனின், இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைத் தன்னுட் கொண்ட ஒரு சிறு கணினி. அதற்குத் திரை இல்லை, விசைப்பலகை இல்லை. வீட்டு இணைய ரூட்டருடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒரு மூலையிலே இரவும் பகலும் விழித்திருக்கும். அப்பாவின் கணினி, அம்மாவின் கைத்தொலைபேசி, பிள்ளைகளின் மடிக்கணினி யாவும் தத்தம் கோப்புகளை அதனிடம் ஒப்படைக்கும். கலியாணப் படங்கள், அம்மம்மாவின் குரற்பதிவு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் படி, கனடாவிலிருந்து பேரன் அனுப்பிய காணொளி எனப் பழைய பெட்டகத்தின் உள்ளடக்கமே உருமாறி இதனுள் வந்து சேர்கின்றது. இதனை இயக்கும் மென்பொருள் பெரும்பாலும் லினக்ஸ் என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே, எந்தக் கணினியையும் போல இதற்கும் திருத்தங்கள் வேண்டியுள்ளன.

தச்சன் வராத வீடு

“வேலை செய்கின்ற பொருளில் ஏன் கைவைக்க வேண்டும்?” என்று கேட்போர் உளர். அவர்களுக்கு இரு வரலாறுகளைக் கூறுவோம்.

2014 ஓகஸ்டில், தைவானிய நிறுவனமான சினொலஜியின் பெட்டகங்கள் பலவற்றிலே ‘சினோலொக்கர்’ என்னும் கொள்ளை நிரல் புகுந்தது. கோப்புகளை எவரும் வாசிக்கவியலாத மறையெழுத்தாக மாற்றி, 0.6 பிட்கொயின் தந்தாலன்றித் திறப்புத் தரோம் என்று மிரட்டியது. அந்நிரல் நுழைந்த ஓட்டையை நிறுவனம் 2013 டிசம்பரிலேயே அடைத்துத் திருத்தம் வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாது விட்ட பெட்டகங்களே அகப்பட்டன.

மற்றது இதனினும் கொடியது. வெஸ்டேண் டிஜிட்டல் என்னும் அமெரிக்க நிறுவனம் 2010 இல் ‘மை புக் லைவ்’ என்ற சிறு பெட்டகத்தை விற்பனைக்கு விட்டது. 2015 இல் அதற்குக் கடைசித் திருத்தம் வந்தது, அதன்பின் ஒன்றுமில்லை. 2021 ஜூன் மாதக் கடைசியிலே உலகின் பல பாகங்களிலும் அதனை வைத்திருந்தோர் ஒருநாட் காலையிற் பார்த்தபோது, பல்லாண்டுச் சேமிப்பு முழுவதும் துடைத்தெடுத்தாற்போல வெறுமையாய்க் கிடந்தது. எங்கோ இருந்த விஷமிகள் இணையத்தின் வழியே ‘தொழிற்சாலை நிலைக்குத் திரும்புக’ என்ற கட்டளையை அப்பெட்டகங்களுக்கு அனுப்பிவிட்டனர். கடவுச்சொல் கேளாமல் அக்கட்டளையை அது எவ்வாறு ஏற்றது? கேட்பதற்கென எழுதப்பட்ட நிரல் வரிகள் செயலற்றவையாக்கப்பட்டிருந்தன. 2011 ஏப்ரலில் மென்பொருளைச் சீரமைத்தபோது நேர்ந்த குறை அஃது என்று நிறுவனமே பின்னர் விளக்கியது. மாணவர்கள் இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். அவ்வோட்டை வந்தது ஓர் இற்றைப்படுத்தலினால். பத்தாண்டுகள் அடைபடாது கிடந்து, இற்றைப்படுத்தல் நின்றுபோன பின்னர் உயிர்குடித்தது. இழந்தோருக்குத் தரவு மீட்புச் சேவையை அந்நிறுவனம் வழங்க முன்வந்தது என்பதையும் சொல்லிவைப்பது நியாயம்.

தச்சன் இரவில் வந்த கதை

அவ்வாறாயின் வருகின்ற திருத்தங்களையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடலாமா? 2022 ஜனவரியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள்.

அம்மாதம் 25 ஆம் திகதியளவில், கியூநாப் என்னும் மற்றொரு தைவானிய நிறுவனத்தின் பெட்டகங்களை ‘டெட்போல்ட்’ என்ற கொள்ளை நிரல் தாக்கத் தொடங்கியது. பெட்டகத்தின் நுழைவுப் பக்கத்திற்குப் பதிலாக மிரட்டற் கடிதம் ஒன்று தோன்றும். கேட்ட பணம் 0.03 பிட்கொயின். ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்குள் அகப்பட்டனர். நிறுவனம் தன் பயனர்களை இற்றைப்படுத்துமாறு எச்சரித்தது. அதனோடமையாது, முந்திய டிசம்பரில் வெளியிட்டிருந்த பதிப்பைப் பெட்டகங்களுக்குத் தானே அனுப்பி நிறுவவும் செய்தது. தானியங்கும் ஏற்பாட்டைத் தாம் அணைத்து வைத்திருந்ததாகப் பலர் முறையிட்டனர். பரிந்துரைத்த பதிப்பைத் தானே ஏற்றுக்கொள் என்னும் அமைப்பின் வழியாகவே அது சென்றது என்பது நிறுவனத்தின் விளக்கம்.

எண்ணம் நல்லதே. நோயாளி மயங்கிக் கிடக்கையில் வைத்தியர் சம்மதம் கேட்டு நிற்பதில்லையன்றோ? ஆயினும் விளைந்தவை இரண்டு. பெட்டகத்தைத் தம் கணினியின் சொந்த வன்தட்டுப் போலப் பிணைத்து வேலை செய்துகொண்டிருந்த சிலருக்கு அப்பிணைப்பு திடீரென அறுந்தது. இன்னுஞ் சிலர் வேறு வழியின்றிக் கொள்ளையருக்குப் பணத்தைக் கட்டிவிட்டுத் திறப்பெண்ணுக்குக் காத்திருந்தனர். திருத்தமோ கொள்ளை நிரலையும் அதன் பக்கத்தையும் துடைத்தெறிந்துவிட்டது. திறப்பெண்ணைப் பதியவேண்டிய இடமே போயிற்று! பூட்டிய கோப்புகள் பூட்டியபடி கிடக்க, பணமும் போய்த் திறப்புத் துவாரமும் போன நிலை. பின்னர் எம்சிசொப்ட் என்னும் பாதுகாப்பு நிறுவனம், திறப்பெண்ணைக் கையில் வைத்திருப்போர் தம் கோப்புகளை விடுவித்துக்கொள்ளத் தனிக்கருவி ஒன்றைச் செய்து வெளியிட்டது.

இதிலே யார் பக்கம் நியாயம் என்று எம்மைக் கேட்டால், அனுப்பியது குற்றமன்று, சொல்லாமல் அனுப்பியதே குற்றம் என்போம். தீப்பிடித்த வீட்டின் கதவை அயலவர் உடைக்கலாம். ஆனால் உள்ளே யார் என்ன செய்துகொண்டிருக்கின்றார்கள் என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு உடைக்க வேண்டும். அதே நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பதிப்பொன்று சிலரைத் தம் பெட்டகத்தினுள்ளேயே நுழையவிடாது தடுத்தது. அப்போது அதனை மீளப்பெற்றுக்கொண்டு, 24 மணித்தியாலங்களுக்குள் திருத்திய பதிப்பைத் தந்தனர். இவ்வாறான சறுக்கல் எத்தொழிலிலும் நேரக்கூடியதே.

வேண்டுமென்றே நீக்குவது வேறு வகை. சினொலஜி தன் மென்பொருளின் 7 ஆம் பதிப்பை 2021 இல் வெளியிட்டபோது, யு.எஸ்.பி. துளையிற் செருகும் வைஃபை, புளூடூத் முதலிய சிறு கருவிகளுக்கான ஆதரவை நிறுத்தியது. 2024 ஓகஸ்டில் வந்த 7.2.2 பதிப்பு, வீட்டிலே படம் பார்ப்பதற்கென்று பலர் பயன்படுத்திய ‘வீடியோ ஸ்டேஷன்’ என்னும் செயலியையே அகற்றிவிட்டது. ஒருமுறை மேலேறினால் பழைய பதிப்புக்கு இறங்க வழி தருவதுமில்லை. நீக்கப்போவதை முன்னறிவிப்பில் எழுதியிருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் நீண்டு கிடக்கும் அவ்வறிவிப்பை எத்தனை குடும்பத்தார் வாசித்திருப்பர்? ஆங்கிலம் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு நாம் இதனை ஒரு வீட்டு வேலையாகவே விதிப்பதுண்டு. பொத்தானை அழுத்துமுன் அறிவிப்பை வாசித்து, எது புதிதாக வருகின்றது, எது போகின்றது என்று நாலு வரியிலே தமிழில் எழுதிப் பெற்றோருக்குக் காட்டுக.

குற்றம் வேறிடத்தில்

பெட்டகம் திறவாதபோதெல்லாம் பெட்டகத்தையே பழிப்பது வழக்கம். பலவேளைகளில் மாறியிருப்பது எதிரேயுள்ள கணினி.

கணினிகள் தம்முட் கோப்புகளைப் பகிர்வதற்குப் பேசும் மொழியொன்று உண்டு, எஸ்.எம்.பி. என்பது அதன் பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பிறந்து, விண்டோஸ் கணினிகளின் வழக்காக நிலைபெற்றது. விண்டோஸ் அல்லாத பெட்டகங்கள் இம்மொழியைப் பேச வைத்தவர் அன்ட்ரூ டிரிட்ஜெல். அவுஸ்திரேலியாவிலே கன்பரா நகரில் ஆராய்ச்சி மாணவராயிருந்த காலத்தில், 1990களின் தொடக்கத்திலே, இதற்கான மென்பொருளை எழுதத் தொடங்கினார். அகராதியிலே எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அம்முறையே வருஞ் சொற்களைத் தேடிச் ‘சாம்பா’ என்று அதற்குப் பெயரிட்டாராம்.

அம்மொழியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டையொன்றின் வழியாகவே 2017 மே மாதம் ‘வன்னாகிறை’ என்னும் கொள்ளை நிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானிய வைத்தியசாலைகளையும் நிலைகுலையச் செய்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதற்பதிப்பு மொழியை நிறுவாமலே விட்டது மைக்ரோசொப்ட். அம்மொழியை மட்டுமே அறிந்திருந்த பழைய பெட்டகங்கள் புதிய கணினிகளின் கண்ணுக்குத் தெரியாமற் போயின. 2024 ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்போ, ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிட்டு வரவேண்டும் என வற்புறுத்தியது; கடவுச்சொல் இன்றி ‘விருந்தினர்’ முறையில் நுழையும் வழியையும் ‘புரோ’ வகையில் அடைத்தது. பெட்டகத்தை யாவருக்கும் திறந்து வைத்திருந்த வீடுகளில் மறுநாளே “பெட்டி வேலை செய்யவில்லை” என்ற முறைப்பாடு எழுந்தது. கணினியின் காவலைத் தளர்த்தி இதனைத் தீர்ப்போர் பலர். அது நல்வழியன்று. வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பெட்டகத்திலே பெயரும் கடவுச்சொல்லும் வகுத்துக் கொடுப்பதே முறை. அரைமணி நேர வேலை.

இன்னும் எளிய காரணமும் இருக்கலாம். எம்மிடம் கற்ற மாணவர் ஒருவர் ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்தார்.

“சேர், இரவு அப்டேட் வந்தது. இப்ப பெட்டி செத்துப் போச்சு. அப்பா ரீசெற் பொத்தானை அமத்தப் போறார்.”

“தம்பி, அப்பாவை ஒரு பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லும். பெட்டியிலை என்ன வெளிச்சம் எரியுது எண்டு முதல் பாரும்.”

பச்சை வெளிச்சம் எரிந்தது. பெட்டி சாகவில்லை. இற்றைப்படுத்தல் முடிந்து அது மீண்டும் எழுந்தபோது, ரூட்டர் அதற்குப் புதிய முகவரி எண் ஒன்றைக் கொடுத்திருந்தது. கணினியோ பழைய எண்ணின் வாசலிலே நின்று தட்டிக்கொண்டிருந்தது. ரூட்டரின் பட்டியலைத் திறந்து பார்க்க, முன்பு 12 என முடிந்த எண் இப்போது 27 என முடிந்தது. அவ்வெண்ணைப் பெட்டகத்துக்கென்றே நிலையாக ஒதுக்கிவைத்ததும் காரியம் முடிந்தது. தகப்பனார் பொத்தானை அமத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சில பெட்டகங்களிலே கடவுச்சொல் மட்டும் மாறும். சிலவற்றிலே அமைப்புகள் யாவும் போகும். நெடுநேரம் அமத்தினால் அல்லது இரு தடவை அமத்தினால் வேறு விளைவு. எது எதுவென்று கையேட்டிற் பாராமல் அப்பொத்தானில் விரல் வைக்கலாகாது.

உள்ளே இருப்பது யாது?

அச்சத்தைத் தணிக்கும் செய்தியொன்றைச் சொல்லவேண்டும். பெட்டகத்தின் மென்பொருளும் குடும்பத்தின் கோப்புகளும் ஒரே இடத்தில் இருப்பவையல்ல. வன்தட்டின் ஒரு சிறு பகுதியிலோ, தனியான நினைவுச் சில்லிலோ மென்பொருள் குடியிருக்கும். எஞ்சிய பெரும்பகுதியே கோப்புகளுக்கு. இற்றைப்படுத்தல் பொதுவாக அச்சிறு பகுதியையே மாற்றியெழுதுகின்றது. ஆகவே, திருத்தம் பிசகிப் பெட்டகம் எழும்பாது கிடந்தாலும் படங்கள் பெரும்பாலும் தட்டிலே பத்திரமாகவே இருக்கும். அழிவு வருவது பெரும்பாலும் அதற்கடுத்த அரைமணி நேரத்திலே, பதற்றத்தினால். திரையில் ‘புதிதாகத் தொடங்குக’ என்றொரு வாசகம் தோன்றும், அதனை அழுத்துவர். அல்லது தட்டைக் கழற்றி விண்டோஸ் கணினியிற் பூட்டுவர். விண்டோசுக்கு லினக்ஸ் தட்டின் எழுத்து வாசிக்கத் தெரியாது, “இத்தட்டை வடிவமைக்க வேண்டும்” என்று அது கேட்கும், சரி என்பர். அத்தோடு முடிந்தது. லினக்ஸ் இயங்கும் கணினியொன்றிலே பூட்டினால் பல பெட்டகங்களின் தட்டுகளை வாசிக்க இயலும். சினொலஜி தன் தட்டுகளுக்கு அவ்வழியை விளக்கி எழுதியும் வைத்திருக்கின்றது. தட்டுகளைக் கழற்றும்போது எது முதலாந் துளை, எது இரண்டாந் துளை என்று பென்சிலால் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று பிரதிபலிக்கும் ‘றெயிட்’ ஏற்பாடு இருக்கின்றதே, அது போதாதா என்று கேட்பர். ஒரு தட்டுப் பழுதுபட்டால் மற்றது காக்கும், அவ்வளவே. தவறான கட்டளையோ கொள்ளை நிரலோ வந்தால் இரண்டும் ஒருசேர அதற்குக் கீழ்ப்படியும். நம் முன்னோர் ஏடு சிதையுமுன் வேறோர் ஏட்டிலே படியெடுத்தனர். படியெடுப்பவன் பிழைவிடக்கூடும் என்பதால் பல ஊர்களில் உள்ள படிகளை ஒப்புநோக்கியே பதிப்பாசிரியர்கள் பாடத்தைத் தேர்ந்தனர். ஒரே ஊரில், ஒரே பெட்டியில் இரண்டு படி இருந்தால் கறையான் இரண்டையும் தின்னும். பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இதனையே மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணாற் கூறினார். படிகள் மூன்று, வைக்கும் சாதனங்கள் இரண்டு வகை, ஒரு படி வீட்டுக்கு வெளியே.

வெளியேயுள்ள அப்படி கைவசம் இருக்குமானால், தச்சன் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன, பெட்டகத்தின் எசமானர் வீட்டாரே. அஃது இல்லாதபோது, எந்த அமைப்பை இயக்கினாலும் அணைத்தாலும் பெட்டகம் தச்சனுடையதே என்பது எம் துணிபு. தானியங்கும் ஏற்பாட்டைப் பற்றிய வாதம் இதற்குப் பிறகுதான் பொருளுடையது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமே வர விடுக. பதிப்பு எண்ணே மாறும் பெரிய மாற்றமாயின் அறிவிப்பு மட்டும் வரட்டும். இரண்டொரு வாரம் பொறுத்து, மற்றையோர் அனுபவத்தை அறிந்து, விடுமுறை நாளொன்றின் காலையிலே, பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கையிற் செய்க. அதற்கு முன்னர் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்து, பெட்டகத்தை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்ப்பதும் நன்று. நெடுங்காலம் ஓடிக்கொண்டிருந்த தட்டு பழுதடைந்திருந்தால் அது பெரும்பாலும் அப்போதே வெளிப்படும். பின்னர் திருத்தத்தின்மேற் பழி விழாது.

மின்சாரத்தை மறத்தல் கூடாது. மென்பொருள் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் அச்சில நிமிடங்களில் மின் நின்றால், எந்த நிறுவனத்தின் எத்துணைச் சிறந்த திருத்தமும் பெட்டகத்தை முடமாக்கிவிடலாம். 2022 மார்ச் 31 இல் நாட்டிலே 13 மணித்தியால மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திரார். அதற்காவது நேர அட்டவணை வந்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்து இலங்கை முழுவதையும் இருளில் ஆழ்த்தியதற்கு எந்த அட்டவணை இருந்தது? பெட்டகத்துக்கும் ரூட்டருக்கும் அரைமணி நேரம் மின் தரும் சிறு யு.பி.எஸ். ஒன்றை வாங்கி வைப்பது, இன்னொரு வன்தட்டை வாங்குவதிலும் முந்தியதாக வேண்டும்.

இனிப் பழைய பெட்டகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. திருத்தங்கள் நின்றுபோனதென நிறுவனம் அறிவித்த பெட்டகத்தை எறியவேண்டியதில்லை. ஆனால் இணையத்துக்கு அதன் முகத்தைக் காட்டலாகாது. ரூட்டரிலே அதற்கென வெளியிலிருந்து திறந்துவிட்ட வழிகள் இருந்தால் அவற்றை மூடிவிடுக. கைத்தொலைபேசியில் வெளியூரிலிருந்து பார்க்கும் வசதியையும் நிறுத்துக. புதிய பெட்டகத்தின் இரண்டாம் படியை வாங்கிக்கொள்ளும் வேலைக்கு அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மாதம் ஒருமுறை கம்பியைப் பூட்டி, படியெடுத்து, அப்படியிலிருந்து ஏதேனும் இரண்டு மூன்று படங்களைத் திறந்து பார்த்து, பின்பு கம்பியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடலாம். அம்மம்மா வீடு அடுத்த ஊரில் இருக்குமானால், அவ்வீட்டு அலுமாரி இன்னும் நல்லது.